பத்தமடைப் பாய்: எதை வாங்கலாம், எவ்வளவு கொடுக்கலாம்

கடையில் பத்தமடைப் பாய் என்று கேட்டால் நான்கு விதமான சரக்கை எடுத்துப் போடுவார்கள். நைலான் பாவில், அதாவது நீளவாக்கில் ஓடும் நைலான் நூலில், விசைத்தறியில் ஓடிய கோரைப்பாய் ஒன்று. கையால் நெய்த முரட்டுப் பாய் ஒன்று. பருத்தி நூல் பாவில் கையால் நெய்த நடுத்தரப் பாய் ஒன்று. கடைசியாக, கண்ணாடிப் பீரோவுக்குள் சுருட்டி வைத்திருக்கும் பட்டுப்பாய் என்னும் மிக மெல்லிய கோரைப்பாய். பெயர் நான்குக்கும் ஒன்றுதான். விலை சில நூறில் தொடங்கிப் பல ஆயிரம் வரை போகும். எது எதற்கு உதவும், எந்த விலை நியாயம், அந்த விலையில் நெய்தவள் கைக்கு என்ன போய்ச் சேர முடியும் என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த மதிப்பீடு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். படுக்க, உட்கார, விருந்தாளிக்கு விரிக்க என்று அன்றாடம் புழங்குவதற்குப் பருத்திப் பாவில் நெய்த நடுத்தரப் பாய்தான் நல்ல சரக்கு. கல்யாணச் சீருக்குப் பட்டுப்பாய் வேண்டுமென்றால் கடையில் எடுக்காமல் சொல்லிவைத்து நெய்து வாங்குங்கள். விசைத்தறிப் பாயை அதன் பெயரைச் சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் குறை சொல்ல ஒன்றுமில்லை. பத்தமடை என்ற பெயரில் விற்பதுதான் தவறு.

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் சாலையில், சேரன்மகாதேவிக்குச் சற்று முன்னால் இருக்கிறது பத்தமடை. தாமிரபரணிப் பாசனம். சுவாமி சிவானந்தர் பிறந்த ஊர் என்றும் சிலருக்குத் தெரிந்திருக்கும். பாய் நெய்கிறவர்கள் பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். தறி இருப்பது வீட்டுக்குள்ளேதான். சமையல், பிள்ளைகள், தொழுகை எல்லாவற்றுக்கும் இடையில் நெசவு நடக்கிறது. 2013இல் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

சொல் ஒன்றைச் சரியாக வைத்துக்கொள்வோம். பனையோலைப் பாயை முடைவார்கள். அதற்குத் தறி தேவையில்லை, கையும் ஓலையும் போதும். கோரைப்பாயை நெய்வார்கள். நூல் நீளவாக்கில் பாவாகவும் கோரை குறுக்கே ஊடையாகவும் ஓடுகிற உண்மையான நெசவு அது. புடவையைப் பார்க்கிற கண்ணோடு இந்தப் பாயைப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பாவு எந்த நூல், ஊடை எவ்வளவு மெல்லியது, ஓரம் எப்படி முடிந்திருக்கிறது என்று மூன்றையும் பார்த்தாலே பாயின் தரம் தெரிந்துவிடும்.

கோரையிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பாய் கெட்டுப்போவதும் அங்கேதான் தொடங்குகிறது. கோரையைப் பச்சையாக இருக்கும்போதே அறுக்க வேண்டும். புரட்டாசியை ஒட்டி ஒரு அறுப்பு, மாசியை ஒட்டி ஒரு அறுப்பு. முற்றிப் பழுத்த கோரை காய்ந்தபின் உடையும். அதில் நெய்த பாயில் ஓராண்டுக்குள் சிராய் கிளம்பும். அறுத்த தண்டைக் கத்தியால் கீறி, உள்ளே பஞ்சு போலிருக்கும் சோற்றுப் பகுதியை வழித்தெடுப்பார்கள். இந்த வேலையில் அவசரம் காட்டினால் விலை வாங்குகிறவர் தலையில் விடியும். சோறு தங்கிய கோரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும், மிதிபட்ட இடத்தில் நசுங்கித் தட்டையாகும்.

வழித்த கோரையை வெயிலில் காயவைப்பார்கள். பச்சை மாறி இளமஞ்சளுக்கு வரும். முரட்டுப் பாய்க்கு இவ்வளவு போதும். மென்மையான பாய்க்கு வேலை இதற்கு மேல்தான் ஆரம்பம். காய்ந்த கோரையை வெந்நீரில் வேகவைத்து மறுபடி உலர்த்தி, கட்டுக் கட்டாகக் கட்டி ஓடுகிற தண்ணீரில் மூன்று முதல் ஏழு நாள் வரை ஊறப்போட வேண்டும். ஊறி ஏறக்குறைய மூன்று மடங்கு பருத்து வரும். பருத்த கோரையைத்தான் மயிரிழை போலக் கிழிக்க முடியும். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது முக்கியம். தேங்கிய தண்ணீரில் போட்டால் கோரை அழுகி நாறும், கருக்கும். ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் வற்றுகிற நாட்களில் பட்டுப்பாய் வேலை தள்ளிப்போவது இதனால்தான். கருத்த கோரையைச் சாயம் மறைக்கும்; நாற்றத்தை மறைக்காது. ஆகவே அடர்ந்த நிறத்தில் இருக்கிற பாயை மூக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். நல்ல கோரையில் வைக்கோல் வாசம் வரும். சாக்கடை வாடை லேசாக வந்தால்கூட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கிழிப்பதும் பெண்கள் வேலைதான். ஒரே பருமனில் இழை இழையாகப் பிரித்துக்கொண்டே போக வேண்டும். கண்ணுக்கும் விரல் நுனிக்கும் இதைவிடக் கடுமையான வேலை பாய்த் தொழிலில் இல்லை. நெசவுக்குக் கூலி பேசுகிறவர்கள் இந்த நாட்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பாய் ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசினால் கிழித்த நாள், ஊறவைக்கச் சுமந்த நாள், சாயம் போட்ட நாள் எல்லாம் கூலியில்லாத நாட்களாகிவிடும். விலையைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்ப வருவோம்.

தறி தரையோடு தரையாகக் கிடக்கும். முளையடித்து இரண்டு முனையிலும் மூங்கில் கட்டி, நடுவில் பாவை நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருப்பார்கள். மூன்று கம்புகளை முக்காலி போல நிறுத்திப் பாவைத் தூக்கிப் பிடிப்பது உண்டு. குறுக்கே துளைகள் போட்ட மரக்கட்டை, அதுதான் அச்சு. ஒவ்வொரு துளை வழியாகவும் ஒரு நூல். கட்டையைச் சாய்த்தால் பாவு ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாகப் பிரியும். அந்த இடைவெளியில் நீளமான குச்சியின் நுனியில் கோரையை மாட்டி உள்ளே செலுத்தி, அச்சால் இறுக்கி அடிப்பார்கள். ஒருவர் கோரை கொடுக்க ஒருவர் அடிக்க என்று இரண்டு பேர் உட்கார்ந்தால் வேலை ஓடும். பாயின் எண்ணை, அதாவது நெசவின் நெருக்கத்தைச் சொல்லும் அளவை, முடிவு செய்வது இந்த அச்சுதான். துளை நெருக்கமானால் பாவு நெருங்கும், பாவு நெருங்கினால் ஊடையும் மெலிய வேண்டும். பட்டுப்பாய் 100 முதல் 140 எண் வரை வரும் என்பார்கள்.

கடைக்காரர் சொல்லும் எண்ணை மட்டும் நம்பி விலை கொடுக்க வேண்டாம். ஓர் அங்குல அளவுகோலைப் பாயின் மேல் நீளவாக்கில் வைத்து, எத்தனை கோரை இழை அதற்குள் வருகிறது என்று எண்ணுங்கள். பிறகு குறுக்காக வைத்துப் பாவு நூலை எண்ணுங்கள். இரண்டு கடையில் எண்ணிப் பார்த்தால் எந்தப் பாய் எந்த விலைக்குத் தகும் என்று உங்களுக்கே விளங்கும். பாயின் நடுவிலும் இரு முனையிலும் தனித்தனியாக எண்ண வேண்டும். தொடக்கத்தில் நெருக்கமாகவும் கடைசி ஒரு அடியில் தளர்வாகவும் இருந்தால் முடிக்கிற அவசரத்தில் நெய்த பாய் அது. தளர்ந்த பக்கம்தான் முதலில் கோரை நகர்ந்து பிரியும்.

இன்னொரு நுட்பம் உண்டு. கோரைத் தண்டு அடி பருத்தும் நுனி சிறுத்தும் இருக்கும். கை தேர்ந்தவர்கள் ஒரு கோரையை அடி இடப்பக்கம் வரும்படியும் அடுத்ததை அடி வலப்பக்கம் வரும்படியும் மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். அப்படிக் கொடுக்காவிட்டால் பாயின் ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் குறுகி, விரித்தால் விசிறி போல வளையும். வாங்குமுன் பாயை நேரான தரையில் விரித்து இரண்டு நீளப் பக்கத்தையும் அளந்து பாருங்கள். ஆறடிப் பாயில் ஓர் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது தரையில் படியாது. மூலை ஒன்று தூக்கிக்கொண்டே நிற்கும்.

விசைத்தறிப் பாயைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. கரூர், நாமக்கல், முசிறி வட்டாரத்தில் காவிரிக் கரையோரம் கோரை பயிராகிறது, அங்கே விசைத்தறியும் நிறைய. அந்தப் பாய்கள் அச்சில் வார்த்தது போல ஒரே சீராக இருக்கும். பாவு பெரும்பாலும் நைலான் அல்லது பிளாஸ்டிக் இழை. பாயின் முனையில் தொங்கும் நூலில் அரை அங்குலம் கேட்டு வாங்கித் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தியானால் காகிதம் எரிகிற வாசத்தோடு சாம்பலாகும்; நைலான் உருகி உருண்டையாகத் திரளும். பாவு நைலானாக இருப்பதால் பாய்க்கு என்ன கெடுதல் என்று கேட்கலாம். கோரையும் நூலும் உராய்கிற இடத்தில் வழுக்கும் நைலான் கோரையை அறுக்கும். பருத்தி கோரையைக் கவ்விப் பிடிக்கும். வெயில் காலத்தில் வியர்வை ஒட்டாமல் உறிஞ்சுவதும் பருத்திதான். கோரைப்பாயில் படுப்பதே குளிர்ச்சிக்கு என்னும்போது பாவை நைலானாக்குவதில் பொருளில்லை.

இப்போது ஒவ்வொன்றாக.

முரட்டுப் பாய் உழைப்பாளிப் பாய். தானியம் காயப்போட, கூட்டத்துக்கு விரிக்க, திண்ணையில் போட உகந்தது. பாவு சணலாகவோ தடித்த நூலாகவோ இருக்கும். நேரடியாக உடம்பில் பட்டால் உறுத்தும். மேலே விரிப்பு போட்டுப் படுக்கலாம். விலைக்குக் குறையில்லை. ஆனால் நெய்கிறவருக்கு மிச்சம் பிடிப்பது இதில்தான் மிகக் குறைவு, ஏனென்றால் இது நேராக பிளாஸ்டிக் பாயோடு போட்டி போடுகிறது. துவைத்தால் போதும், மழையில் நனைந்தாலும் பாதகமில்லை என்று வந்த பிளாஸ்டிக் பாய் முதலில் விழுங்கியது முரட்டுக் கோரைப்பாயின் சந்தையைத்தான். இந்த ரகத்தைத் தொடர்ந்து நெய்யச் சொல்லிக் கேட்பது நெசவாளிக்கு நன்மையா என்பதில் எங்களுக்கு ஐயம் உண்டு.

நடுத்தரப் பாயைத்தான் நாங்கள் கூடுதலாகப் பரிந்துரைக்கிறோம். கோரையைப் பிளந்து மெலிதாக்கியிருப்பார்கள், பாவு பருத்தி, ஓரத்தில் சிவப்போ பச்சையோ கருப்போ கரை ஓடும். வெறும் உடம்போடு படுக்கலாம். நன்றாக நெய்த பாயின் மேல் உள்ளங்கையைக் கோரை ஓடும் திசையில் தேய்த்தால் வழுக்க வேண்டும், எதிர்த்திசையில் தேய்த்தாலும் எதுவும் குத்தக் கூடாது. ஓரத்தைக் கவனியுங்கள். ஊடைக் கோரையின் முனை ஓரத்தில் மடங்கிப் பாவு நூலுக்குள் திரும்பப் பூட்டியிருக்க வேண்டும். முனையை வெட்டிவிட்டு மேலே துணிப் பட்டை தைத்திருந்தால், பட்டையைச் சற்று விலக்கி உள்ளே பாருங்கள். பூட்டிய ஓரத்துக்கு மேல் பட்டை தைத்திருந்தால் அழகு, ஆயுள் இரண்டும் கூடும். வெட்டிய ஓரத்தை மறைக்கத் தைத்த பட்டை என்றால் தையல் பிரிகிற அன்று பாயும் பிரியும்.

பட்டுப்பாயில் பாவு பருத்தி நூல், ஊடை கோரை. பட்டைப் போலத் துவண்டு விழுவதால் வந்த பெயர் அது. பாயின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் அட்டை போல விறைத்து நிற்கக் கூடாது, சேலை முந்தானை போலத் தொங்க வேண்டும். நெய்து முடித்தபின் வழவழப்பான கெட்டிக் கொட்டையால் தேய்த்து மெருகேற்றுவார்கள். அந்த மினுமினுப்பு கோரையின் சொந்தப் பளபளப்பு. மேலே வார்னிஷ் பூசிய பளபளப்பானால் விரலில் லேசாக ஒட்டும், வளைத்தால் வெள்ளைக் கோடு விழும்.

மணமக்கள் பெயரும் நாளும் நெய்த கல்யாணப் பாய் நெல்லைச் சீமையில் சாதி மத வேறுபாடில்லாமல் வழக்கத்தில் உள்ள சீர். எழுத்து நெய்ததா எழுதியதா என்று அறியப் பாயைத் திருப்பிப் பாருங்கள். நெய்த எழுத்து பின்பக்கம் இடவலம் மாறித் தெரியும். வண்ணம் தீட்டியதானால் பின்பக்கம் வெறுமையாக இருக்கும், முதல் ஈரத் துடைப்பில் மங்கும். பெயரைச் சொல்லும்போது தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். ஒற்று, தலைப்பெழுத்து, புள்ளி எல்லாவற்றையும் இரண்டு பேர் சரிபாருங்கள். இழை எண்ணி நெய்கிற வேலையில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்துவதென்றால் அதற்குப் பிறகு நெய்த அத்தனையையும் பிரிக்க வேண்டும்.

சாயத்தில் பெரும்பாலும் கடைச் சாயம்தான் இப்போது. பழைய சிவப்பு சப்பாங்கட்டையில், அதாவது பதிமுக மரத்தின் கட்டையில், எடுத்தது. சரியாகப் படிகாரம் சேர்த்த சப்பாங்கச் சிவப்பு கண்ணை உறுத்தாது. இயற்கைச் சாயம் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால், கேட்டுக்கொண்டு ஒரு துணுக்குக் கோரையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். சப்பாங்கச் சிவப்பு காரம் பட்டால் ஊதாப் பக்கம் திரியும். எந்தச் சாயமானாலும் வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து கரையில் அழுத்தித் தேய்த்தால் நிறம் கழன்று வரக் கூடாது. வந்தால் அது வேட்டியிலும் வரும்.

விலைக்கு வருவோம். பாயின் விலையைப் பாயின் அளவோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, அதில் எத்தனை பேரின் எத்தனை நாள் அடங்கியிருக்கிறது என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் 100 நாள் வேலைத் திட்டத்தின் நாள் கூலி 2024-25இல் 319 ரூபாய். மண் வெட்டும் வேலைக்கு அரசே ஒப்புக்கொண்ட கூலி இது. பல ஆண்டுப் பயிற்சி வேண்டிய நெசவுக்கு இதற்குக் கீழே போகக் கூடாது என்று மட்டும் வைத்துக்கொள்வோம். ஒரு பட்டுப்பாய்க்கு இரண்டு பெண்கள் 20 நாள் உழைத்தார்கள் என்றால் 40 ஆள் நாள். கூலி மட்டும் 12,760 ரூபாய். கோரை, நூல், சாயம் தனி. அந்தப் பாயை ஐயாயிரத்துக்குப் பேரம் பேசி வாங்கினால் நாளுக்கு 125 ரூபாய்கூடத் தேறாது, அதிலும் கடைக்காரர் பங்கு போக மிஞ்சுவதுதான் வீட்டுக்கு. நடுத்தரப் பாய்க்கு இதே கணக்கைப் போடுங்கள். கிழிப்பு, சாயம், நெசவு எல்லாம் சேர்த்து ஐந்து ஆள் நாள் ஆகிற பாய் என்றால் கூலி 1,595 ரூபாய். விற்பனையாளரிடம் "இதுக்கு எத்தனை நாள் ஆச்சு, எத்தனை பேர்?" என்று கேளுங்கள். நெய்கிற வீட்டோடு தொடர்பு உள்ளவர் உடனே பதில் சொல்வார். பதில் தெரியாதவர் பாயை மட்டும் வாங்கி விற்கிறவர்.

புவிசார் குறியீடு இந்தக் கணக்கைத் தானாகச் சரி செய்யாது. அது பெயருக்குக் கிடைத்த பாதுகாப்பு. பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தப் பெயரைச் சட்டப்படி பயன்படுத்த நெசவாளி அனுமதி பெற்ற பயனராகத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். வீட்டுக்குள் தறி வைத்திருக்கும் பெண்ணின் பெயரில் அந்தப் பதிவு இல்லாமல் வாங்கி விற்கிறவர் பெயரில் மட்டும் இருந்தால், குறியீட்டால் கூடும் விலையும் அவரிடமே நிற்கும். குறியீட்டு முத்திரை உள்ள பாய் என்று காட்டினால், பதிவு யார் பெயரில் என்று கேட்பதற்கு வாங்குகிறவருக்கு முழு உரிமை உண்டு.

இளம் பெண்கள் தறிக்கு வரவில்லை என்று பலரும் வருந்துகிறார்கள். அதற்குக் காரணத்தைத் தேடித் தொலைதூரம் போக வேண்டாம், நெல்லை மாவட்டத்தின் பீடித் தட்டைப் பார்த்தால் போதும். பீடி சுற்றுவதில் அன்றைக்குச் சுற்றியது அன்றைக்கே எண்ணப்படும், கணக்கு சீக்கிரம் தீரும். பீடித் தொழிலாளருக்கென 1976இன் நல நிதிச் சட்டமும் வேறு சட்டப் பாதுகாப்புகளும் இருப்பதால் பதிவு பெற்ற தொழிலாளிக்கு அடையாள அட்டையும் சேமநிதியும் பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும் கிடைக்க வழியிருக்கிறது. புகையிலைத் தூசி நுரையீரலுக்குக் கேடு என்று தெரிந்தே பெண்கள் அந்தத் தட்டை மடியில் வைக்கிறார்கள். பாயோ, முடித்துக் கொடுத்தால்தான் காசு. பட்டுப்பாய் தறியில் இருக்கிற அத்தனை வாரமும் அரிசிக்கும் பாலுக்கும் வேறு வழி தேட வேண்டும். பாரம்பரியத்தின் மேல் பற்று குறைந்ததால் பெண்கள் தறியை விட்டார்கள் என்று பேசுவது அவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

ஆகவே வாங்குகிறவர் செய்யக்கூடிய பெரிய உதவி முன்பணம். சொல்லிவைக்கும்போது மூன்றில் ஒரு பங்கு, பாதி நெய்ததும் ஒரு பங்கு, பாயை வாங்கும்போது மீதி. முதல் பங்கைக் கோரை, நூல் விலைக்கும் கிழிப்பு நாட்களுக்கும் என்று சொல்லியே கொடுங்கள். நிறுவனங்களும் விடுதிகளும் மொத்தமாகச் சொல்வதானால் ஒரே மாதத்தில் எல்லாம் வேண்டும் என்று நெருக்காமல், மாதம் இத்தனை என்று ஆண்டு முழுவதும் பரப்பிக் கொடுத்தால் தறி தூங்காது. மழைக்காலத்துக்குத் தவணை வைக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் கோரை காயாது. அரைகுறையாகக் காய்ந்த கோரையில் நெய்த பாய் பின்னால் காய்ந்து சுருங்கும்போது ஊடைக்கு நடுவே இடைவெளி விழும்.

மகளிர் குழுக்கள் கொண்டுவரும் சிறு பொருட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தடுக்கு, மேசை விரிப்பு, கோப்பு உறை, கைப்பை, பணப்பை என்று நிறைய வருகின்றன. ஒரு பொருள் ஒன்றிரண்டு நாளில் முடிந்து கையில் காசு புரள்வதால் பெண்களுக்கு இவை உண்மையிலேயே உதவுகின்றன. தரத்தில்தான் ஏற்ற இறக்கம். பாயை வெட்டித் தைக்கும்போது, முதலில் வெட்டுக் கோட்டுக்கு இருபுறமும் இரண்டு வரிசை நெருக்கத் தையல் போட்டுவிட்டுப் பிறகே வெட்ட வேண்டும். வெட்டிவிட்டுத் தைத்தால் கோரை உருவிக்கொண்டு வரும். பையின் மடிப்பு கோரை ஓடும் திசைக்கு இணையாக இருக்க வேண்டும். குறுக்கே மடித்தால் ஒவ்வொரு மடிப்பிலும் கோரை முறியும், மூன்று மாதத்தில் அடிப்பக்கம் ஓட்டை. வாங்கும்போது பையின் அடி மடிப்பை விரலால் தடவிப் பாருங்கள், முறிந்த கோரை நறநறக்கும். உள்ளே பருத்தித் துணி வைத்துத் தைத்த பையை மட்டும் வாங்குங்கள். தடுக்கும் மேசை விரிப்பும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், அவற்றில் கெட்டுப்போக ஒன்றுமில்லை.

பராமரிப்பிலும் அதே விதிதான். பாயை எப்போதும் குறுகிய பக்கத்திலிருந்து சுருட்ட வேண்டும். அப்போது ஊடைக் கோரை நேராகக் கிடக்க, வளைவது பாவு நூல் மட்டுமே. நீளவாக்கில் இரண்டாக மடித்தால் ஒவ்வொரு கோரையும் நடுவில் முறியும், அந்தக் கோடு ஆயுளுக்கும் போகாது. பட்டுப்பாயைச் சிறு பெட்டிக்குள் மடித்து வைத்துக் காட்டுவது பார்க்க வேடிக்கையாக இருக்கும், பாய்க்கு நல்லதல்ல.

தண்ணீரில் முக்கித் துவைக்கக் கூடாது. துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, கோரை ஓடும் திசையிலேயே துடைத்து, நிழலில் காற்றோட்டமாக உலர்த்துங்கள். குழந்தை சிறுநீர் கழித்துவிட்டால் உடனே உறிஞ்சியெடுத்து ஈரத் துணியால் இரண்டு மூன்று முறை துடைத்தால் போதும். இரவு முழுக்க விட்டால் கறை நிற்கும். பூசணம் வெள்ளையாகத் தெரிந்தால் ஈரம் படாமல் முதலில் வெளியே கொண்டுபோய்க் காய்ந்த தூரிகையால் தட்டி, காலை வெயிலில் ஒரு மணி நேரம் காட்டுங்கள். நடுப்பகல் வெயிலில் நாள் முழுக்கப் போட்டால் சாயம் வெளுத்துக் கோரை மொறுமொறுவென்றாகும். குளிர்சாதன அறையில் தினமும் கிடக்கும் பாயும் அப்படித்தான் வறண்டுவிடும். பத்து நாளைக்கு ஒருமுறை ஈரத் துணியால் துடைத்துக் கொடுங்கள். எடுத்து வைக்கும்போது பழைய வேட்டியைச் சுற்றி நிமிர்த்தி வையுங்கள். பாலித்தீன் உறை வேண்டாம், உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். பாய் வாங்கிவந்த உறையையும் அன்றே கழற்றிவிடுங்கள்.

வாங்க வேண்டிய இடம் முதலில் ஊர்தான். திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி வழியாகப் பாபநாசம் போகும் பேருந்துகள் பத்தமடையில் நிற்கும். ரயிலில் வந்தால் சேரன்மகாதேவியில் இறங்கிக்கொள்ளலாம். போக முடியாதவர்கள் தமிழக அரசின் பூம்புகார் கைவினைப்பொருள் விற்பனை நிலையங்களில் பார்க்கலாம். இணையத்தில் வாங்குவதானால் பாயின் பின்பக்கம், ஓரம், முனையில் தொங்கும் நூல் ஆகிய மூன்றுக்கும் கிட்டப் படம் கேளுங்கள். படம் அனுப்பத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள். அஞ்சலில் வரும் பாய் குழாய்க்குள் சுருட்டி வர வேண்டும், மடித்துப் பெட்டியில் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புங்கள்.

சொல்லிவைக்கிறவர்கள் அகலத்தை முதலில் பேசுங்கள். தறியின் அகலமும் கோரையின் நீளமும் அனுமதிக்கிற அளவுக்குத்தான் பாய் அகலமாகும். இரட்டைக் கட்டிலுக்குப் பொருந்த வேண்டுமென்று இரண்டு பாயை நடுவே இணைத்துத் தைக்கச் சொன்னால் அந்தத் தையல் முதுகில் உறுத்தும், இரண்டு தனிப் பாயாக வாங்கிக்கொள்வது மேல். நாள் கணக்கைப் பொறுத்தவரை, மாசி அறுப்பில் வருகிற கோரை வெந்து, ஊறி, காய்ந்து, கிழிபட்டுத் தறிக்கு ஏறப் பங்குனி ஆகிவிடும். வைகாசிக் கல்யாணத்துக்குப் பெயர் நெய்த பட்டுப்பாய் வேண்டுமென்றால் தை மாதமே முன்பணம் கொடுத்துவிடுங்கள்.